லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர்? விற்பனையாளரின் எண்ணும் வீதியின் எண்ணும்

2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அந்நியச் செலாவணியைப் பாதுகாக்கும் பொருட்டு இடைநிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரி 1ஆம் திகதி முதல் தனியார் கார்களுக்கும் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. ஏறத்தாழ ஐந்து வருடங்கள் கதவடைக்கப்பட்டிருந்த சந்தை திறக்கப்பட்டதும், கார் வாங்க விரும்புவோர் விற்பனை நிலையங்களில் கேட்கும் முதற் கேள்வி விலை பற்றியதாகவும் இரண்டாவது கேள்வி "லீற்றருக்கு எவ்வளவு ஓடும்?" என்பதாகவுமே இருந்து வருகின்றது. முதற் கேள்விக்கான விடை கசப்பானதாயினும் உண்மையானது. இரண்டாவது கேள்விக்குக் கிடைக்கும் விடையைப் பற்றி அவ்வாறு கூறுவதற்கில்லை.

இக்கேள்வி இந்நாட்டில் வெறும் ஆவலினால் கேட்கப்படுவதன்று. 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் லீற்றர் 177 ரூபாவாக இருந்த ஒக்ரேன் 92 ரகப் பெற்றோலின் விலை, அதே ஆண்டு ஜூன் மாத இறுதியில் 470 ரூபாவாக உயர்ந்தது. விலையேற்றத்துடன் வரிசையும், வரிசையைத் தொடர்ந்து கியூ.ஆர். குறியீட்டு முறையும் வந்தன. அம்முறை நடைமுறைக்கு வந்தபோது காரொன்றுக்கு வாரத்திற்கு 20 லீற்றர் மாத்திரமே வழங்கப்பட்டது. லீற்றருக்கு 25 கிலோமீற்றர் ஓடுமென்று நம்பி வாங்கப்பட்ட கார் உண்மையில் 15 கிலோமீற்றரே ஓடுமாயின், வாரத்திற்கு 500 கிலோமீற்றர் என்ற கணக்கு 300 ஆகச் சுருங்கிவிடும். மாதம் 1000 கிலோமீற்றர் ஓடும் குடும்பமொன்றுக்கு, அன்றைய 470 ரூபா விலையில், இவ்விரு எண்களுக்குமிடையிலான வித்தியாசம் மாதமொன்றுக்குப் பன்னிரண்டாயிரம் ரூபாவைத் தாண்டும். எரிபொருளின் ஒவ்வொரு துளியையும் டொலர் கொடுத்து வாங்கும் நாடு என்ற வகையில், இதே கணக்கு மத்திய வங்கியின் கையிருப்புக்கும் பொருந்தும்.

அப்படியாயின் விற்பனையாளர் கூறும் எண் எங்கிருந்து வருகின்றது? நம் வீதிகளில் ஓடும் கார்களில் பெரும்பகுதி ஜப்பானிலிருந்து வந்தவை. அவற்றின் எரிபொருள் செயற்றிறன் பற்றிய எண்ணும் காருடன் சேர்ந்து ஜப்பானிலிருந்தே இறக்குமதியாகின்றது. அந்த எண் வீதியில் பெறப்பட்டதல்ல, ஆய்வுகூடத்தில் பெறப்பட்டது. காரின் சக்கரங்கள் பெரிய உருளைகளின் மீது நிறுத்தப்பட்டு, முன்கூட்டியே வரையறுக்கப்பட்ட வேக அட்டவணையொன்றின்படி சாரதி ஒருவர் அதனை நின்ற இடத்திலேயே ஓட்டுகின்றார். எத்தனை விநாடிக்கு எந்த வேகம், எப்போது நிறுத்தம் என்பதெல்லாம் அட்டவணையில் உண்டு. செலவான பெற்றோலைக் கூட நேரடியாக அளப்பதில்லை. புகைபோக்கியால் வெளிவரும் வாயுவைச் சேகரித்து, அதிலுள்ள காபனின் அளவைக் கணக்கிட்டு, அதிலிருந்து எரிந்த பெற்றோலின் அளவைப் பின்னோக்கிக் கணிக்கின்றனர். ஒரு லீற்றர் பெற்றோல் எரியும்போது சுமார் 2.3 கிலோகிராம் காபனீரொட்சைட்டு வெளியேறும் என்பதால் இம்முறை மிகத் துல்லியமானதே. அளவீட்டில் பிழை இல்லை. அளக்கப்படும் பயணமே நம்முடைய பயணம் அல்ல என்பதுதான் சிக்கல்.

இதற்கு நாமறிந்த காரொன்றே சிறந்த உதாரணம். 2011 டிசெம்பரில் ஜப்பானில் அறிமுகமான டொயோட்டா அக்குவா ஹைபிரிட் காருக்கு அந்நிறுவனம் இரண்டு எண்களை வெளியிட்டது. பழைய '10-15' பரிசோதனை முறையின்படி லீற்றருக்கு 40.0 கிலோமீற்றர், புதிய 'ஜே.சி.08' முறையின்படி 35.4 கிலோமீற்றர். ஒரே கார், ஒரே தொழிற்சாலை, ஒரே ஆண்டு. மாறியது வேக அட்டவணையும் அதனோடிணைந்த விதிகளும் மாத்திரமே. அக்குவாவை இங்கு விற்றவர்களில் எத்தனை பேர் எந்த எண்ணைக் கூறி விற்றார்கள் என்பதை வாசகர்களின் ஊகத்திற்கே விட்டுவிடலாம். அந்த ஜே.சி.08 முறையும் இருபது நிமிடங்களில் சுமார் 8 கிலோமீற்றர் தூரத்தை, மணிக்கு 24 கிலோமீற்றர் சராசரி வேகத்தில், குளிரூட்டியை இயக்காமல் ஓட்டிப் பார்ப்பதேயாகும். சித்திரை மாத வெயிலில் மருதானையிலிருந்து தெஹிவளைக்குக் குளிரூட்டி இல்லாமல் கார் ஓட்டுபவர் எவராவது இருந்தால் அவருக்கு அந்த எண் ஓரளவு பொருந்தக்கூடும்.

2017ஆம் ஆண்டிலிருந்து ஜப்பானியக் கார்களின் விபரப் பத்திரங்களில் 'டபிள்யூ.எல்.ரி.சி.' எனப்படும் உலகப் பொது முறையிலான எண்கள் இடம்பெறத் தொடங்கின. இது முன்னையதிலும் நேர்மையானது. அத்துடன் நகரப்பகுதி, புறநகர், அதிவேக வீதி ஆகிய மூன்றுக்குமான எண்கள் தனித்தனியாகவும் அச்சிடப்படுகின்றன. கொழும்பிலோ கண்டி நகரிலோ கார் ஓட்டுபவர் சராசரி எண்ணைப் பார்க்க வேண்டியதில்லை. நகரப்பகுதிக்கான எண்ணையே பார்க்க வேண்டும். ஆனால் விற்பனை நிலையத்தில் எடுத்துக் கூறப்படுவது எப்போதும் அவற்றுள் பெரிய எண்தான். மற்றவை ஜப்பானிய மொழியில் இருப்பதால் வாங்குபவர் அறிய வழியில்லை.

ஆய்வுகூடப் பரிசோதனையில் பொதுமக்கள் அதிகம் அறியாத ஒரு முன்கட்டம் உண்டு. அண்மைக்காலத்தின் பெரும் மோசடிகள் இந்த இடத்திலேயே நிகழ்ந்தன என்பதால் அதனைச் சற்று விரிவாக நோக்குவது பயனுடையது. உருளையின் மீது நிற்கும் காருக்கு எதிர்க்காற்று இல்லை; வீதியின் உராய்வும் இயல்பாக இல்லை. எனவே அவற்றுக்கு ஈடான தடையை உருளைக்குச் செயற்கையாகக் கொடுக்க வேண்டும். எவ்வளவு தடை கொடுப்பது? அதனை அறிவதற்காகக் காரை நேரான, சமதளமான பாதையொன்றில் வேகமாக ஓட்டி, கியரை விடுவித்து, அது தானாகவே வேகம் குறைந்து செல்ல எடுக்கும் நேரத்தை அளக்கின்றனர். காற்றின் பாதிப்பை நீக்குவதற்காக இரு திசைகளிலும் பல தடவைகள் இதனைச் செய்வர். கிடைக்கும் எண்ணே உருளையின் தடையைத் தீர்மானிக்கின்றது. இந்த எண்ணைத் தயாரித்து அதிகாரிகளிடம் கையளிப்பவர் கார் உற்பத்தியாளரே. தடையைச் சற்றுக் குறைத்துக் கொடுத்தால் அதன் பின்னர் அரச ஆய்வுகூடம் எத்துணை நேர்மையாக அளந்தாலும் விடை உற்பத்தியாளருக்குச் சாதகமாகவே அமையும். படிக்கல்லைக் குறைத்துச் செய்து கொடுத்துவிட்டு, நிறுப்பவரின் நேர்மையைப் புகழ்வதைப் போன்றது இது.

2016 ஏப்ரல் 20ஆம் திகதி ஜப்பானின் மிட்சுபிஷி மோட்டோர்ஸ் நிறுவனம் இதனைத்தான் செய்ததாக ஒப்புக்கொண்டது. 660 கன சென்ரிமீற்றர் இயந்திரம் கொண்ட சிறு கார்கள் 6 இலட்சத்து 25 ஆயிரம் இதில் அகப்பட்டன. அவற்றுள் 1 இலட்சத்து 57 ஆயிரம் மிட்சுபிஷியின் சொந்தப் பெயரில் விற்கப்பட்டவை. எஞ்சிய 4 இலட்சத்து 68 ஆயிரம், நம் வீதிகளிலும் காணப்படும் நிசான் டேஸ் வகையும் அதன் உயரமான வடிவமும் ஆகும். மோசடியை வெளிக்கொணர்ந்தது அரசாங்கம் அல்ல. அடுத்த தலைமுறைக் காரைத் தானே வடிவமைக்க முற்பட்ட நிசான், ஒப்பீட்டுக்காக அளந்து பார்த்தபோது மிட்சுபிஷி கொடுத்த எண்ணுடன் தனது எண் பொருந்தாததைக் கண்டு கேள்வி எழுப்பியது. பின்னர் நடந்த விசாரணைகளில், சட்டம் விதித்த அளவீட்டு முறையிலிருந்து 1991ஆம் ஆண்டு முதலே அந்நிறுவனம் விலகியிருந்தமை தெரியவந்தது.

ஏன் இவ்வாறு நடந்தது என்பதற்கு அந்த விசாரணைகளிலேயே விடையுண்டு. அக்காரை உருவாக்கத் தொடங்கியபோது லீற்றருக்கு 26.4 கிலோமீற்றர் என நிர்ணயிக்கப்பட்ட இலக்கு, போட்டி நிறுவனங்கள் புதிய கார்களை அறிவிக்கும் போதெல்லாம் உயர்த்தப்பட்டு, ஐந்து தடவைகளில் 29.2 ஆக்கப்பட்டது. இயந்திரம் அத்துணை முன்னேறவில்லை. முன்னேறாத பகுதியைத் தடையின் எண் ஈடுசெய்தது. விளைவாக நிறுவனத்தின் தலைவர் பதவி விலக நேர்ந்தது; கார் உரிமையாளர்களுக்கு ஒரு இலட்சம் யென் வீதம் நட்டஈடு வழங்கப்பட்டது; பங்கு விலை சரிந்திருந்த நிலையில் நிறுவனத்தின் 34 சதவீதப் பங்கினை அதே நிசான் 23,700 கோடி யென்னுக்கு வாங்கிக்கொண்டது.

அடுத்த மாதமே சுசுகி நிறுவனமும் தானும் விதிப்படியான முறையைக் கைக்கொள்ளவில்லை என அறிவித்தது. சம்பந்தப்பட்ட கார்களின் தொகை சுமார் 21 இலட்சம். தனது பரிசோதனைப் பாதை கடலுக்கு அண்மையிலுள்ள மேட்டுநிலத்தில் அமைந்திருப்பதால் காற்றின் தொல்லை காரணமாக முறையான அளவீடு கடினமாக இருந்தது என்றும், எனவே ரயர், தடுப்பு முதலிய பகுதிகளைத் தனித்தனியாக அளந்து கூட்டிக்கொண்டதாகவும் அது விளக்கமளித்தது. மீள அளந்தபோது வெளியிடப்பட்ட எண்கள் மிகைப்படுத்தப்பட்டவையல்ல எனத் தெரிந்தமையால் சுசுகியின் விவகாரத்தை மிட்சுபிஷியினதோடு ஒரே தட்டில் வைப்பது நியாயமன்று. எனினும் வேகன் ஆர் கார்கள் நிறைந்த இந்நாட்டில் அச்செய்தி பெற்றிருக்க வேண்டிய கவனத்தைப் பெறவில்லை என்றே கூறவேண்டும்.

இது ஜப்பானுக்கு மாத்திரம் உரிய நோயும் அன்று. அமெரிக்காவில் ஹியுண்டாய், கியா நிறுவனங்கள் சுமார் ஒன்பது இலட்சம் கார்களின் எண்களை மிகைப்படுத்தியிருந்தமையை 2012 நவம்பரில் அந்நாட்டின் சூழல் பாதுகாப்பு முகவரகம் அறிவித்தது. அங்கும் தவறு அதே தடை அளவீட்டில்தான். வாங்கியவர்கள் தங்கள் கார்கள் சொன்னபடி ஓடவில்லை என்று முறையிட்டதே விசாரணைக்கு வழிவகுத்தது. 2014இல் அந்நிறுவனங்கள் 10 கோடி டொலர் தண்டப்பணம் செலுத்த உடன்பட்டன. முறையிடுவதற்கு ஓர் இடமும், முறைப்பாட்டை அளந்து பார்க்க ஒரு முகவரகமும் இருந்தமையே அங்கு வித்தியாசத்தை ஏற்படுத்தியது.

மோசடியே இல்லாதவிடத்தும் இடைவெளி இருக்கவே செய்கின்றது. ஐரோப்பாவில் உத்தியோகபூர்வ எண்ணுக்கும் வீதியில் கிடைக்கும் எண்ணுக்குமிடையிலான வேறுபாடு 2001இல் ஏறத்தாழ 9 சதவீதமாக இருந்து 2015இல் 40 சதவீதத்தைத் தாண்டியது என்பதைச் சுத்தமான போக்குவரத்துக்கான சர்வதேச சபை ஆண்டுதோறும் எடுத்துக்காட்டி வந்தது. அக்காலத்தில் வீதியில் ஓடும் கார்கள் உண்மையில் பெரிதாகத் திருந்தவில்லை. பரிசோதனை விதிகளிலுள்ள ஓட்டைகளைப் பயன்படுத்தும் திறமையே திருந்தியது. 2017 முதல் புதிய முறை கட்டாயமாக்கப்பட்டது. அதன் பின்னரும் ஐரோப்பிய ஒன்றியம் ஒரு படி மேலே சென்று, 2021 முதல் ஒவ்வொரு புதிய காரிலும் எரிந்த எரிபொருளையும் ஓடிய தூரத்தையும் வாழ்நாள் முழுவதும் பதிவு செய்யும் கருவி இருக்க வேண்டும் என விதித்தது. அப்பதிவுகளை அடிப்படையாகக் கொண்டு ஐரோப்பிய ஆணைக்குழு 2024 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கையின்படி, 2021இல் பதிவான பெற்றோல் கார்கள் புதிய உத்தியோகபூர்வ எண்ணைவிட 23.7 சதவீதமும், டீசல் கார்கள் 18.1 சதவீதமும் கூடுதலாக எரிபொருளைச் செலவிட்டன. மின்னிணைப்பில் ஏற்றக்கூடிய ஹைபிரிட் கார்களோ அறிவிக்கப்பட்டதைப் போன்று மூன்றரை மடங்கு செலவிட்டன. உரிமையாளர்கள் அவற்றை எதிர்பார்த்த அளவுக்கு மின்னேற்றுவதில்லை என்பதே இதன் பிரதான காரணம். வரிச் சலுகையுடன் அத்தகைய கார்களை வரவேற்க விரும்பும் எந்த நாடும் இந்த மூன்றரை மடங்கை மறத்தலாகாது.

ஐரோப்பாவின் சமதள வீதிகளிலேயே நிலைமை இதுவானால், நமது நிலைமையைச் சொல்ல வேண்டியதில்லை. கொழும்பின் நெரிசலும் ஆண்டு முழுவதும் இயங்கும் குளிரூட்டியும் ஒருபுறமிருக்க, மலைநாட்டின் கணக்கே தனியானது. கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவுக்கு ஒரு தொன் எடையுள்ள காரை ஏற்றுவதற்குத் தேவையான சக்தியைக் கணக்கிட்டால், பெற்றோலின் சக்தியில் கால்வாசியே சக்கரத்தைச் சென்றடைகின்றது என்ற நிலையில், உயரத்துக்கு மாத்திரம் இரண்டு லீற்றருக்கு மேல் செலவாகும். தூரத்துக்கான செலவு வேறு. இறங்கும்போது அதில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கலாம், முழுவதும் கிடைக்காது. எந்த நாட்டின் உருளை மேடையிலும் நானுஓயா ஏற்றம் இல்லை.

ஆகவே நம்பத்தக்க எண் வேண்டுமானால் அதனைக் காரின் உரிமையாளரே அளந்துகொள்ள வேண்டியிருக்கின்றது. முறை எளியது, அதில் நிகழும் தவறுகள்தான் பல. தாங்கியை நிரப்பி, தூரமானியின் எண்ணைக் குறித்துக்கொண்டு, ஓடிய பின் மீண்டும் நிரப்பி, ஓடிய தூரத்தை நிரப்பிய லீற்றரால் வகுப்பதே அம்முறை. ஆனால் ஒரேயொரு தடவை இவ்வாறு செய்து பெறும் விடையை நம்புவதற்கில்லை. நிரப்பும் குழாய் தானாக நிற்கும் புள்ளி காரின் சாய்வுக்கும் குழாய்க்கும் ஏற்ப ஒரு லீற்றர் வரை முன்பின்னாகலாம். 30 லீற்றரில் ஒரு லீற்றர் என்பது 3 சதவீதத்துக்கும் மேற்பட்ட பிழை. அதே கணக்கைப் பத்துத் தடவைகள் தொடர்ந்து, 300 லீற்றருக்குச் செய்தால் பிழை 0.3 சதவீதமாகச் சுருங்கிவிடும். ஏனெனில் இடையில் நிரப்பியவற்றில் நேரும் கூடுதல் குறைவுகள் அடுத்த தடவையில் ஈடாகிவிடுகின்றன. முதல் நிரப்பலும் கடைசி நிரப்பலும் மாத்திரம் ஒரே நிலையத்தில், ஒரே குழாயில், முதற் தடவை தானாக நிற்கும் வரை நடந்தால் போதும். இடையில் ஆயிரம் ரூபாவுக்கு அடித்தாலும் பற்றுச்சீட்டு இருந்தால் கணக்கு கெடாது. ஹைபிரிட் காருக்கு இது இன்னும் அவசியம். குறுகிய பயணத்தில் அது மின்கலத்திலிருந்து கடன் வாங்கி ஓடி நல்ல பெயர் எடுத்துவிடும்; கடனை அடைப்பது அடுத்த பயணத்தின் பெற்றோல்தான்.

நிரப்பு நிலையத்தின் மானியைச் சந்தேகிப்பது நம்மவர் வழக்கம். அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களம் அவற்றைப் பரிசோதித்து முத்திரையிடுகின்றது. சர்வதேசப் பரிந்துரை அனுமதிக்கும் பிழை 0.5 சதவீதம், அதாவது 30 லீற்றருக்கு 150 மில்லிலீற்றர். முத்திரை உள்ள மானியின் பிழையைவிடத் தூரமானியின் பிழை பெரிதாக இருக்கலாம் என்பதை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. தூரமானி அளப்பது சக்கரத்தின் சுற்றுகளையே. சிறு காரொன்றின் சக்கரத்தின் விட்டம் சுமார் 557 மில்லிமீற்றர். ரயர் தேய்ந்து விட்டம் 10 மில்லிமீற்றர் குறைந்தால், அதே தூரத்துக்கு அது ஏறத்தாழ 2 சதவீதம் கூடுதலாகச் சுற்றும். தூரமானியும் கூடுதலாகக் காட்டும். கார் சிக்கனமாக ஓடுவதாகத் தோன்றும். அதிவேக நெடுஞ்சாலையின் கிலோமீற்றர் கற்களுடன் 50 கிலோமீற்றருக்கு ஒப்பிட்டுப் பார்த்தால் தூரமானியின் பிழை தெரிந்துவிடும். காரின் முகப்புத் திரை காட்டும் எண்ணோ இயந்திரத்துக்குள் பெற்றோல் தெளிக்கப்பட்ட நேரத்திலிருந்து கணிக்கப்படுவது. பல கார்களில் அது உண்மையைவிடச் சற்று இனிமையாகவே இருக்கும். ஒக்ரேன் 95 ஊற்றினால் அதிக தூரம் ஓடும் என்ற நம்பிக்கையும் இங்குப் பரவலாக உண்டு. ஒக்ரேன் என்பது இயந்திரத்தில் தட்டொலி எழாது தாங்கும் தன்மையின் அளவேயன்றிச் சக்தியின் அளவல்ல. 92 போதுமென வடிவமைக்கப்பட்ட காருக்கு 95 ஊற்றுவதால் குறைவது பணப்பையின் எடையே.

அளந்த பின்னரும் கணக்கில் ஒரு பொறி உண்டு. ஒரு கார் 100 கிலோமீற்றர் தூரத்தை நெரிசலில் லீற்றருக்கு 10 வீதமும், அடுத்த 100 கிலோமீற்றரை நெடுஞ்சாலையில் 20 வீதமும் ஓடினால் சராசரி 15 என்றே பலரும் கூறுவர். செலவான பெற்றோல் முதலில் 10 லீற்றர், பின்னர் 5 லீற்றர். 200 கிலோமீற்றருக்கு 15 லீற்றர். ஆகவே உண்மையான சராசரி 13.3. கிலோமீற்றர்களைத் தனியாகவும் லீற்றர்களைத் தனியாகவும் கூட்டிய பின்னரே வகுக்க வேண்டும்.

இதே பொறி அரசின் கொள்கையிலும் உண்டு. லீற்றருக்கு 8 கிலோமீற்றர் ஓடும் பழைய வானொன்றை 10 கிலோமீற்றர் ஓடும் வானாக மாற்றினால் 1000 கிலோமீற்றருக்கு 125 லீற்றர் 100 ஆகக் குறைந்து 25 லீற்றர் மிச்சமாகும். 20 கிலோமீற்றர் ஓடும் சிறு காரை 25 கிலோமீற்றர் ஓடும் காராக மாற்றினால் 50 லீற்றர் 40 ஆகி 10 லீற்றரே மிச்சமாகும். காதுக்கு இரண்டாவதுதான் பெரிய முன்னேற்றமாக ஒலிக்கின்றது. லார்ரிக், சோல் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 2008இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் இம்மயக்கத்தைப் பரிசோதித்து எழுதினர். ஐரோப்பியர் 100 கிலோமீற்றருக்கு எத்தனை லீற்றர் என்று கணக்கிடுவதால் இம்மயக்கத்திலிருந்து பெரும்பாலும் தப்பிக்கொள்கின்றனர். டொலரை மிச்சப்படுத்த வேண்டுமென்பது இந்நாட்டின் நோக்கமாயின், கவனம் செல்ல வேண்டியது ஏற்கெனவே சிக்கனமான சிறு கார்களின் மீதல்ல. நாள் முழுவதும் ஓடும் பழைய வான்களின் மீதும் பஸ்களின் மீதுமாகும்.

ஆனால் இலங்கையின் வாகன வரி இவ்வாறு சிந்திப்பதில்லை. உற்பத்தி வரி பிரதானமாக இயந்திரத்தின் கொள்ளளவைக் கொண்டு, கன சென்ரிமீற்றருக்கு இவ்வளவு ரூபா என்று அறவிடப்படுகின்றது. கொள்ளளவு என்பது பெற்றோல் செலவின் அண்ணளவான நிழல் மாத்திரமே. 660 கன சென்ரிமீற்றர் இயந்திரம், ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு கடுகண்ணாவை ஏற்றத்தில் முழு மூச்சுடன் உழைக்கும்போது, சற்றுப் பெரிய இயந்திரத்தைவிடச் சிக்கனமாக இருக்க வேண்டுமென்ற நியதி கிடையாது. கொள்ளளவை அளப்பது சுலபம், பத்திரத்திலேயே எழுதியிருக்கும், சுங்கத்தில் தர்க்கத்துக்கு இடமிராது. வருமானத்தை மாத்திரம் கருதும் திறைசேரிக்கு அது போதுமானது. கார் உண்மையில் எவ்வளவு குடிக்கின்றது என்பதை அறியவேண்டிய தேவை அரசுக்கு எழாதபோது, வாங்குபவர் தனித்து நிற்கின்றார்.

சொந்தமாக உருளை மேடைகளை அமைத்து ஒவ்வொரு காரையும் பரிசோதிக்க இந்நாட்டினால் இயலாது என்று அதிகாரிகள் கூறக்கூடும். அது உண்மையே. எனினும் நியூசிலாந்தைப் பார்க்கலாம். நம்மைப் போலவே இடப்புறம் ஓட்டும் அந்நாடும் ஜப்பானின் பாவித்த கார்களைப் பெருந்தொகையாக இறக்குமதி செய்கின்றது. புதிய கார்களுக்கு மாத்திரமன்றி, பாவித்த கார்களுக்கும் எரிபொருட் செலவைக் குறிக்கும் முத்திரையை விற்பனை நிலையத்தில் காட்சிப்படுத்த வேண்டும் என அந்நாடு 2008 ஏப்ரலில் கட்டாயமாக்கியது. பழைய ஜப்பானிய முறைகளில் பெறப்பட்ட எண்களைப் புதிய உலக முறைக்கு ஈடாக மாற்றும் சூத்திரங்களையும் பின்னர் அது வகுத்துக்கொண்டது. இதற்கு ஆய்வுகூடம் தேவைப்படவில்லை. ஒரு கணக்கும் ஒரு கட்டளையுமே தேவைப்பட்டன. மின்குமிழுக்கும் மின்விசிறிக்கும் நட்சத்திர முத்திரை இட முடிந்த இந்நாட்டில், பல இலட்சம் ரூபா பெறுமதியான காருக்கு அதைப்போன்றதொரு முத்திரையைக் கட்டாயமாக்குவதில் தொழில்நுட்பத் தடை எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. இறக்குமதியாளர்களின் விருப்பமின்மை வேறு விடயம்.

நம்முடைய வீதிகளுக்கே உரிய எண்ணைப் பெறவும் ஒரு வழி உண்டு. கியூ.ஆர். முறை 2022இல் தொடங்கி 2023 செப்டெம்பரில் நிறுத்தப்படும் வரை, எந்தப் பதிவிலக்க வாகனம் எத்தனை லீற்றர் பெற்றது என்பது கணினியில் பதிவாகியது. வருமான அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிப்பதற்காக ஒவ்வொரு வாகனமும் ஆண்டுக்கு ஒருமுறை புகைப் பரிசோதனைக்குச் செல்கின்றது. தூரமானியின் எண் அங்கு கண்ணெதிரே இருக்கின்றது. லீற்றரையும் கிலோமீற்றரையும் பதிவிலக்கத்தின் வழியாக இணைத்தால், ஐரோப்பா புதிய கருவிகளைப் பொருத்திப் பெற்றுக்கொண்ட தகவலை ஒத்ததொன்றைக் கையிலிருந்த பதிவேடுகளைக் கொண்டே பெற முற்பட்டிருக்கலாம். ஒருவரின் ஒதுக்கீட்டை மற்றொருவர் பெற்றதும், பெற்றோல் போத்தல்களில் ஊற்றிக் கைமாறியதும் அக்கணக்கில் குழப்பத்தை உண்டாக்கும் என்பது மறுப்பதற்கில்லை. ஆனால் ஒரே வகைக் கார்கள் பல ஆயிரம் இருக்கும்போது அத்தகைய குழப்பம் தனியொரு காரின் எண்ணைக் கெடுக்குமேயன்றி வகையின் நடுத்தர எண்ணை அதே அளவு கெடுக்காது. உரிமையாளரின் பெயரோ பதிவிலக்கமோ வெளியிடப்பட வேண்டியதில்லை. ஒவ்வொரு வகைக்கும் ஆண்டுக்கும் ஒரு வரி போதும். அத்தகைய பட்டியலை மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களம் ஆண்டுதோறும் வெளியிடுமாயின், அடுத்த தடவை விற்பனை நிலையத்தில் 35 என்று கூறப்படும்போது வாங்குபவர் எடுத்துக் காட்டுவதற்கு அவரிடமும் ஓர் எண் இருக்கும். லீற்றரை அளக்கும் மானிக்கு முத்திரையிட ஒரு திணைக்களம் இருக்கின்றது. அந்த லீற்றர் எவ்வளவு தூரம் செல்லும் என்ற கூற்றைப் பரிசீலிக்கும் பொறுப்பை எந்த அமைச்சிடம் ஒப்படைப்பது என்பது, வாகன வரி அடுத்த தடவை திருத்தப்படுவதற்கு முன்னராவது தீர்மானிக்கப்பட வேண்டும்.